தாழ்மை: தேவனைப் பின்பற்றும் பாதை

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: யாத்திராகமம் 18:13–24, 2 இராஜாக்கள் 5:1–15, மாற்கு 10:42–52, யோவான் 13:1–17

மையக் கருத்து: பணிவிடை செய்வது தாழ்மை, பிறருடைய பணிவிடையை நன்றியோடு பெற்றுக்கொள்வதும் தாழ்மையே. இவ்விரண்டையும் கற்கிறவர் கிறிஸ்துவைப் பின்பற்றக் கற்கிறார்.



மருத்துவமனைக்குள் வருகிற எவரும் வாசலிலேயே சிலவற்றை இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டியிருக்கிறது. ஊரில் பத்துப் பேருக்கு வேலை கொடுத்தவர் இங்கே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ட தாய், இங்கே ஒரு வாய்க் கஞ்சியைப் பிறர் ஊட்ட உண்கிறார். இவற்றையெல்லாம் எண்ணி, “என் நிலை இவ்வளவு தாழ்ந்துவிட்டதே” என்று உள்ளுக்குள் அழுகிறவர்கள் பலர்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் அறிந்துகொள்ள வேண்டும். தாழ்வு வேறு, தாழ்மை வேறு. நோயும் வறுமையும் முதுமையும் நம்மைக் கேளாமலே நம்மைத் தாழ்த்துகின்றன; அது தாழ்வு. அந்த இடத்தில் நின்றுகொண்டு, தேவனுக்கு முன்பாகவும் மனிதருக்கு முன்பாகவும் நம் உண்மையான அளவை நாமே மனமொப்பி ஏற்றுக்கொள்வது தாழ்மை. தாழ்வு ஒருவரைக் கசப்புள்ளவராக்கலாம். தாழ்மையோ அவருக்கு ஒரு வழியைத் திறக்கிறது. அந்த வழியை நம்முடைய ஊர்ப்புறத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து கற்கத் தொடங்குவோம்.

1. திண்டிவனத்தில் ஓர் இரவு

1890-களின் தொடக்கம். திண்டிவனம் அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் அங்கே மருத்துவ ஊழியம் செய்துவந்தார். அவருடைய தகப்பனார் 1819-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கும், பின்னர் சென்னைக்கும் வந்த முதல் தலைமுறை மருத்துவ மிஷனரி. இந்தக் குடும்பத்தில் பிறந்தவர் ஐடா. 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்த அவர், சிறுமியாயிருந்தபோதே 1876–78-ஆம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தைக் கண்டவர். அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்தபின், தாயார் நோயுற்றிருந்ததால் அவருக்கு உதவியாகத் திண்டிவனம் வந்திருந்தார். மிஷனரியாக வாழ்வதில்லை என்பதும், விரைவில் அமெரிக்காவுக்குத் திரும்பி வசதியான வாழ்க்கை நடத்துவது என்பதுமே அவர் செய்திருந்த தீர்மானம்.

ஓர் இரவு வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். அவர் ஒரு பிராமணர். பிள்ளைப்பேற்றில் வருந்தும் தம் இளம் மனைவிக்கு உதவ வருமாறு ஐடாவை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தகப்பனாரே மருத்துவர் என்றும் ஐடா கூறினார். வேற்று ஆண்மகன் தம் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதை அக்கால வழக்கம் ஏற்கவில்லை. வந்தவர் திரும்பிப் போனார். அதே இரவில் ஓர் இஸ்லாமியர் வந்தார்; அதே வேண்டுகோள், அதே மறுமொழி. மூன்றாவதாக இன்னோர் இந்துக் குடும்பத்தலைவர் வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டதை ஐடா அறிந்தார்.

அந்தக் காலையில் அவருடைய தீர்மானம் மாறியது. தாம் அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவம் பயின்று இந்தப் பெண்களுக்காகத் திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் கூறினார். அவ்வாறே 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்து, வேலூரில் மிஷன் பங்களாவின் ஒரு சிறிய அறையில் மருத்துவம் செய்யத் தொடங்கினார்.

இந்த நிகழ்ச்சியை “தேவ அழைப்பு” என்று நாம் சொல்வதுண்டு. அது எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். வானத்திலிருந்து குரல் எழவில்லை. கதவு தட்டப்பட்டது, உதவி தேவைப்பட்ட மனிதர் நின்றார், “என்னால் இயலாது” என்று ஓர் இளம்பெண் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. தம்மால் இயலாததை ஒப்புக்கொண்டதே அவருடைய தாழ்மையின் முதற்படி. இயலாததைக் கற்றுக்கொள்ளத் தம் சொந்தத் திட்டத்தை விட்டுக்கொடுத்தது இரண்டாம் படி. தாழ்மை என்பது தன்னை இகழ்ந்துகொள்வதன்று. தன்னைவிட்டு எழுந்து, கதவருகே நிற்பவரைக் காண்பது.

2. நாகமான்: எளிய சொல்லுக்குக் கீழ்ப்படிதல்

வேதாகமத்தில் நோயாளி ஒருவரின் தாழ்மையை விளக்கமாகச் சொல்லும் பகுதி 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம். நாகமான் சீரியா ராஜாவின் படைத்தலைவன், வெற்றிகள் பல கண்டவன், தொழுநோயாளி. அவனுக்கு வழிகாட்டியவர் யார்? அவன் வீட்டில் வேலை செய்த, போரில் சிறைபிடிக்கப்பட்டு வந்த ஓர் இஸ்ரவேல் சிறுமி. அவன் பொன்னும் வெள்ளியும் ராஜாவின் கடிதமும் கொண்டு, இரதங்களோடு எலிசாவின் வாசலில் வந்து நின்றான். தீர்க்கதரிசி வெளியே வரவுமில்லை. யோர்தானில் ஏழுதரம் மூழ்கும்படி ஆள் அனுப்பிச் சொன்னார்.

நாகமானுக்குக் கோபம் மூண்டது. தீர்க்கதரிசி தாமே வந்து நின்று, கையை அசைத்து, பெரிதாக ஏதேனும் செய்வார் என்று எதிர்பார்த்திருந்தான். தன் ஊரான தமஸ்குவின் ஆறுகள் யோர்தானைவிட மேலானவை அல்லவா என்று எண்ணித் திரும்பிப் போகவும் புறப்பட்டான். அப்போது அவனுடைய வேலைக்காரர் நெருங்கி வந்து, கடினமான காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்த எளிய காரியத்தைச் செய்யலாகாதா என்று பணிவாக எடுத்துரைத்தார்கள். அவன் இறங்கினான். சுகமடைந்தான்.

நம்மிலும் ஒரு நாகமான் இருக்கிறான். பெரிய ஊசியும் விலையுயர்ந்த சோதனையும் கிடைத்தால்தான் வைத்தியம் நடந்ததாக நினைக்கிறோம். “நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள், சோற்றின் அளவைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள்” என்று சொன்னால், “இதைச் சொல்லவா டாக்டர்?” என்று மனம் சலிக்கிறது. காசநோய்க்குச் சாதாரணமாக ஆறு மாதம் மாத்திரை உட்கொள்ள வேண்டும்; இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், “எனக்குச் சரியாகிவிட்டது” என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அவ்வாறு நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, அதே மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகவும் மாறக்கூடும். நாகமான் ஆறுமுறை மூழ்கிவிட்டுக் கரையேறவில்லை என்பதை நினைவில் கொள்வோம்.

அவனுக்கு நன்மையானதைச் சொன்னவர்கள் அனைவரும் அவனுக்குக் கீழே இருந்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. நம் வார்டில் இளம் செவிலியர் சொல்லும் சொல்லையும், வீட்டில் மருமகளோ பேரனோ நினைவூட்டும் மாத்திரையையும் நாம் எப்படி ஏற்றுக்கொள்கிறோம்? வயதிலும் பதவியிலும் சிறியவர் மூலமாகவும் தேவன் நம்மைக் காக்கக்கூடும்.

3. பேதுரு: காலை நீட்டும் தாழ்மை

யோவான் 13-ஆம் அதிகாரத்தில், தாம் பாடுபடுவதற்கு முந்தின இரவில் இயேசு பந்தியிலிருந்து எழுந்து, துணியை அரையில் கட்டிக்கொண்டு, சீஷருடைய கால்களைக் கழுவுகிறார். புழுதி படிந்த காலைக் கழுவுவது அந்நாளில் வீட்டு வேலையாளின் வேலை. இப்பகுதியை நாம் பெரும்பாலும் ஊழியம் செய்கிறவர்களுக்கான பாடமாகவே வாசிக்கிறோம். ஆனால் அங்கே மற்றொரு பாடமும் உண்டு. பேதுரு தன் காலைக் கழுவவிட மறுத்தான். அது பணிவுபோலத் தோன்றியது. இயேசுவோ, தாம் கழுவாவிட்டால் அவனுக்குத் தம்மோடு பங்கில்லை என்று அறிவித்தார். கொடுப்பதற்கு மட்டும் அன்றி, பெறுவதற்கும் தாழ்மை வேண்டும் என்பதைப் பேதுரு அன்று கற்றான்.

இது நம் பகுதி மக்களுக்கு வெறும் உவமையன்று. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கரும்புத் தோட்டத்திலும் மணிலாக் கொல்லையிலும் மரக்காணம் உப்பளத்திலும் செருப்பின்றி உழைத்த கால்கள் எத்தனையோ. சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடிக்கும்போது காலில் உணர்ச்சி குறைகிறது. முள் தைத்ததும் கல் வெட்டியதும் தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் எளிதில் ஆறுவதில்லை. வலியில்லாததால் அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறோம். நாற்றம் வந்தபின்போ, வெட்கத்தால் துணியைச் சுற்றி மறைக்கிறோம். “பிள்ளைகளுக்கு ஏன் தொந்தரவு?” என்று மறைத்துவைத்த சிறு புண், விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

ஆகவே, சர்க்கரை நோயுள்ளவர்களே, உங்கள் காலைக் காட்டுங்கள். நாள்தோறும் மாலையில் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய இயலாதவர் கண்ணாடியைப் பயன்படுத்தலாம், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். கொதிக்கும் வெந்நீரில் காலை வைக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த கால் வெந்துபோவது தெரியாது. கழுவியபின் விரலிடுக்கை ஈரமின்றித் துடையுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சிறு கொப்புளமானாலும் உடனே காட்டுங்கள். மகனுக்கும் மருமகளுக்கும் முன்பாகக் காலை நீட்ட வெட்கமாயிருக்கிறதா? பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலைப் பார்ப்பவருக்கும் அது ஓர் ஆசீர்வாதமாகலாம்.

நம் ஆண்டவரும் பிறருடைய உதவியைப் பெற்றவர்தாம். சமாரியப் பெண்ணிடம் அவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். மார்த்தாளின் வீட்டில் விருந்தினராயிருந்தார். அவருடைய சிலுவையைச் சிரேனே ஊரானாகிய சீமோன் சுமந்தான். உதவி பெறுவது இழிவானால், நம் ஆண்டவர் அந்த நிலையில் நின்றிருக்கமாட்டார்.

4. தாழ்மை மௌனமன்று

ஒரு தவறான எண்ணத்தை இங்கே விலக்க வேண்டும். “தாழ்மையுள்ளவர் எதுவும் கேட்கக்கூடாது, வலித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்று சிலர் நினைக்கிறார்கள். குறிப்பாக நம் தாய்மார் பலர், தம் வலியை எல்லாருக்கும் கடைசியில் வைப்பதையே பக்தி என்று கருதி, நோய் முற்றியபின் வருகிறார்கள்.

மாற்கு 10-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 45-ஆம் வசனத்தில், தாம் வந்தது பணிவிடை பெறுவதற்கன்று, பணிவிடை செய்வதற்கே என்னும் கருத்தை இயேசு கூறுகிறார். அடுத்த வசனத்திலேயே எரிகோவின் வழியோரத்தில் குருடனாகிய பர்திமேயு வருகிறான். பேசாதிருக்கும்படி பலர் அதட்டியும் அவன் முன்னிலும் உரக்கக் கூப்பிட்டான். இயேசு அவனைத் துணிகரமுள்ளவன் என்று கடிந்துகொள்ளவில்லை. நின்றார், அழைப்பித்தார், அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்டார். தன் தேவையை மறைக்காமல் சொல்வதும் தாழ்மையே.

ஆகையால் உங்களுக்கு வலி எங்கே, எத்தனை நாளாக என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மருந்து எதற்காக என்பது புரியாவிட்டால் மீண்டும் கேளுங்கள். நாட்டு மருந்து உட்கொண்டிருந்தால் அதையும், மாத்திரை வாங்கப் பணமில்லாமல் நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். உண்மையைச் சொல்லும் நோயாளி மருத்துவரின் வேலையை எளிதாக்குகிறார்.

நோய் வந்ததால், “இது என் பாவத்துக்குத் தண்டனை” என்று தன்னையே வருத்திக்கொள்வதும் தாழ்மையன்று. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர் அவ்வாறு கேட்டபோது, அவனோ அவனைப் பெற்றவர்களோ செய்த பாவம் அதற்குக் காரணமன்று என்று இயேசு தெளிவாக மறுத்தார் (யோவான் 9:1–3).

5. அருகில் இருப்போருக்கு

இரவெல்லாம் கட்டிலருகே அமர்ந்திருப்போரே, உங்கள் வேலையில் பெரும்பகுதி பிறர் காணாதது. சிறுநீர்க் கலத்தைக் கழுவுதல், வியர்வையைத் துடைத்தல், படுக்கைப்புண் வாராதபடி திருப்பிப் படுக்க வைத்தல் ஆகியவை எவரும் பாராட்டாத வேலைகள். துணியை அரையில் கட்டிக்கொண்ட ஆண்டவருக்கு மிகவும் நெருக்கமான வேலைகளும் இவையே.

ஆயினும் உங்களுக்கும் ஒரு சோதனை உண்டு. “என்னைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது” என்ற எண்ணமே அது. அன்பிலிருந்து பிறந்தாலும் அதனுள் பெருமை ஒளிந்திருக்கலாம். மோசே காலைமுதல் மாலைவரை ஜனங்களை நியாயம் விசாரித்தபோது, அவருடைய மாமனாராகிய எத்திரோ வந்து பார்த்தார். இது ஒருவராகச் செய்யத்தக்க வேலையன்று, நீரும் ஜனங்களும் களைத்துப்போவீர்கள், வேலையைப் பகிர்ந்துகொடும் என்று ஆலோசனை கூறினார். மாபெரும் தலைவராகிய மோசே அதைக் கேட்டு நடந்தார். எண்ணாகமம் 12:3 மோசேயை மிகுந்த சாந்தகுணமுள்ளவராகக் காட்டுவது வியப்பன்று. தம்பியோ அக்காவோ ஓரிரவு தங்க முன்வந்தால் மறுக்காதீர்கள். வேளைக்கு உண்ணுங்கள், உறங்குங்கள். களைத்தவர் கடுஞ்சொல் பேசுவதும் மருந்து வேளையை மறப்பதும் எளிது.

மேலும், நோயாளி குழந்தையல்லர். அவரை வைத்துக்கொண்டே அவரைப்பற்றிப் பிறரிடம் மட்டும் பேசாதீர்கள். “அப்பா, இப்போது குளிக்கலாமா, பிறகா?” என்று கேட்பது சிறிய மரியாதைதான், ஆனால் எல்லாவற்றையும் இழந்ததாக நினைப்பவருக்கு அது பெரிது.

6. விட்டுக்கொடுக்கும் தாழ்மை

திண்டிவனத்தில் தொடங்கிய கதையின் முடிவையும் நாம் அறியவேண்டும். வேலூரில் 1902-இல் பெண்களுக்கான மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும், 1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் டாக்டர் ஐடா ஸ்கடரால் தொடங்கப்பட்டன. மாற்கு 10:45-இன் கருத்தே அந்நிறுவனத்தின் குறிக்கோளாயிற்று. தாம் ஒருவராக எத்தனை பேரைத் தொட்டுக் குணமாக்க முடியும் என்று எண்ணி, இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்கியது அவருடைய தாழ்மை.

பிற்காலத்தில் அதைவிடக் கடினமான சோதனை வந்தது. பட்டப்படிப்புத் தரத்துக்குக் கல்லூரியை உயர்த்தாவிட்டால் அது நிலைக்காது என்ற நிலை ஏற்பட்டது. அதற்குத் தேவையான ஆதரவைப் பெற, ஆண் மாணவரையும் சேர்க்க வேண்டியிருந்தது. பெண்களுக்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவருக்கு அது எளிதான முடிவன்று; நெடுநாளைய ஆதரவாளர் சிலரும் எதிர்த்தனர். இருந்தும் அவர் இசைந்தார். 1947-இல் ஆண் மாணவர் சேர்க்கப்பட்டனர். பின்னர் டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1960-ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் டாக்டர் ஐடா மறைந்தபோது, அவர் தொடங்கிய வேலை அவரின்றியும் நடக்கக்கூடியதாயிருந்தது.

ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளத் தாழ்மை வேண்டும். அதை விட்டுக்கொடுக்க அதனினும் மிகுந்த தாழ்மை வேண்டும். ஏர் பிடித்த கையால் இனி ஏர் பிடிக்க இயலாது என்று அறியும் விவசாயிக்கும், அடுப்படியை மருமகளிடம் ஒப்படைக்கும் தாய்க்கும் இது தெரியும்.

7. சுகம் கிடைக்காதபோது

நாகமான் சுகமடைந்தான். பர்திமேயு பார்வையடைந்தான். ஆனால் திண்டிவனத்தின் மூன்று பெண்களும் பிழைக்கவில்லை. மகள் மருத்துவராகத் திரும்பிவந்த அதே 1900-ஆம் ஆண்டில் தகப்பனாராகிய டாக்டர் ஜான் ஸ்கடரும் மரித்தார். பவுல் தம் சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கவில்லை. கிருபை போதும் என்ற பதிலையே பெற்றார் (2 கொரிந்தியர் 12:7–9). ஆகவே தாழ்மை சுகத்தை வாங்கும் விலையன்று. “இன்னும் தாழ்மையாயிருந்தால் குணமாகியிருப்பேன்” என்று எவரும் நினைக்க வேண்டாம்; பிறரிடம் சொல்லவும் வேண்டாம். பதில் தெரியாத இடத்தில் பதில் தெரிந்தவர்போலப் பேசாமல், அழுகிறவரோடு அமைதியாய் அமர்வதே அங்கே தாழ்மை. சுகத்திலும் சுகவீனத்திலும் நம்மோடு இறங்கி வருகிற ஒருவர் உண்டு என்பதே நம் நம்பிக்கை.

இதை வாசிப்போரில் பல சமயத்தாரும் உண்டு. அந்த இரவில் கதவைத் தட்டிய மூவரும் வெவ்வேறு சமூகத்தினர். அவர்களுடைய துயரம் ஒன்றே. இங்கும் அடுத்த கட்டிலில் இருப்பவர் எவராயினும் அவர் நம் அயலார்.

சிந்திக்க

1. பிறர் எனக்குச் செய்யும் உதவிகளில் எதை ஏற்பது எனக்கு மிகக் கடினமாயிருக்கிறது? ஏன்?
2. மருத்துவரிடமோ வீட்டாரிடமோ நான் மறைத்துவைத்திருக்கும் வலி, புண் அல்லது கவலை என்ன?
3. எளியது என்பதால் நான் தள்ளிவிட்ட ஆலோசனை எது?
4. கவனித்துக்கொள்பவராகிய நான் இந்த வாரம் யாரிடம் உதவி கேட்கலாம்?
5. இன்று என் கதவைத் தட்டிக்கொண்டிருப்பவர் யார்?

ஜெபம்

எங்கள் கால்களைக் கழுவ இறங்கிவந்த ஆண்டவரே, எங்களைத் தாழ்த்திய இந்த நோயின் நாட்களில் எங்களுக்கு உமது தாழ்மையைக் கற்றுத்தாரும். உதவி கேட்க வாயையும், உதவி பெற மனத்தையும், உதவி செய்யக் கைகளையும் தாரும். எங்களைப் பராமரிக்கிறவர்களின் களைப்பை ஆற்றும். சுகம் வரும்போது நன்றியுள்ளவர்களாயும், தாமதிக்கும்போது உம்மைப் பற்றிக்கொள்ளுகிறவர்களாயும் எங்களைக் காத்தருளும். ஆமென்.